இளவரசியின் ஐந்தாவது ஓவியர்

காமிக்ஸ் ரசிகர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து ‘இளவரசி’ மாடஸ்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கதையைப் பற்றிய பேச்சு சீக்கிரம் ஓய்ந்துவிடும். சித்திரத்தைப் பற்றிய வாக்குவாதம்தான் டீ ஆறிப்போகும் வரை நீளும். ஒருவர் ஜிம் ஹோல்டவே கட்சி, மற்றவர் ரோமெரோ கட்சி. நெவில் கொல்வின் பெயரை யாராவது எடுத்தால் மட்டும் இருவரும் ஒரே கட்சியாகிவிடுவார்கள். “கதை நல்லாத்தான் இருக்கும், படம்தான்...” என்று இழுப்பார்கள். அந்த இழுப்பு கொல்வினுக்குச் செய்யப்படும் பெரிய அநியாயம்.

சித்திரம் பிடிக்கவில்லை என்ற மனக்குறையைச் சோதித்துப் பார்க்க மாடஸ்டியைவிடத் தோதான தொடர் கிடையாது. 1963 மே 13 அன்று லண்டன் ஈவ்னிங் ஸ்டாண்டர்டில் தொடங்கி, 2001 ஏப்ரல் 11 அன்று முடிந்த நாளிதழ்த் தொடர் அது. முடிந்த தேதி அதன் எழுத்தாளர் பீட்டர் ஓ'டொனலின் 81வது பிறந்தநாள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தினசரிப் பட்டைகள், அத்தனைக்கும் எழுத்து அவர் ஒருவரே. ஹோல்டவே, ரோமெரோ, ஜான் பர்ன்ஸ், பேட்ரிக் ரைட், கொல்வின் என்று தூரிகைதான் கைமாறியது. கதை சொதப்பியதால் படம் பிடிக்காமல் போனது என்றோ, கதை காப்பாற்றியதால் படம் தப்பித்தது என்றோ இங்கே சாக்குச் சொல்ல முடியாது.

ரசனை மோதல் இந்தத் தொடரின் பிறப்பிலேயே இருக்கிறது. மாடஸ்டிக்கு முதலில் படம் வரையக் கேட்கப்பட்டவர் ஃப்ராங்க் ஹாம்ப்ஸன். ‘டான் டேர்’ மூலம் ஒரு தலைமுறை பிரிட்டிஷ் சிறுவர்களை விண்வெளிக்கு அழைத்துப்போன மேதை. ஆனால் அவர் வரைந்து கொடுத்த மாதிரிப் பக்கங்கள் ஓ'டொனலுக்குத் திருப்தி தரவில்லை. மனதில் இருந்த பெண் அந்தத் தாளில் இல்லை. ‘ரோமியோ பிரவுன்’ தொடரில் தன்னோடு வேலை செய்த ஹோல்டவேதான் வேண்டும் என்றார். ஹாம்ப்ஸனுக்கு வரையத் தெரியாது என்று உலகத்தில் எவரும் சொல்லமாட்டார்கள். ஆக, கைத்திறன் வேறு, ஒரு பாத்திரத்துக்கு அந்தக் கை பொருந்துவது வேறு. பொருந்தவில்லை என்று சொல்லும் உரிமை வாசகருக்கும் உண்டு. ஆனால் ஓ'டொனல் தேடியது தன் பாத்திரத்தை. பல வாசகர்கள் தேடுவதோ தாங்கள் முதலில் படித்த இதழை.

ஹோல்டவேயின் பெருமையை இங்கே புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய லண்டன் மழையில் ஈரம் இருக்கும். பாதி முகத்தை முழுக் கறுப்பில் விட்டுவிட்டு, மிச்சப் பாதியில் மாடஸ்டி என்ன நினைக்கிறாள் என்பதைக் காட்டிவிடுவார். 1970 பிப்ரவரியில், ஒரு கதை பாதியில் ஓடிக்கொண்டிருந்தபோது, 42 வயதில் அவர் இறந்துபோனார். அந்தக் கதையின் மிச்சத்தை வரைந்து முடித்தவர் பார்சிலோனாவின் என்ரிக் படியா ரோமெரோ.

ரோமெரோவை வெறுப்பது கஷ்டம். அவருடைய மாடஸ்டி அழகி. கொண்டை கலையாது, உடை கசங்காது, முகத்தில் ஒரு கோடு வீணாக விழாது. 1978 வரை வரைந்தார், ‘ஆக்ஸா’ தொடருக்காக விலகினார், 1986-ல் திரும்பி வந்து கடைசி நாள் வரை இருந்தார். வருஷக்கணக்கில் பார்த்தால் இளவரசிக்கு அதிக காலம் முகம் கொடுத்தவர் அவரே. தமிழில் 1984 ஜூலையில் லயன் காமிக்ஸ் தொடங்கியதே ‘கத்தி முனையில் மாடஸ்டி’யோடுதான். அதிலிருந்து இளவரசி என்றாலே நம் ஆட்கள் பலருக்கு மனதில் எழுவது ரோமெரோவின் வழவழப்பான முகம். ஆனால் அவர் வரைந்த சண்டைக் காட்சிகளைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். உதைக்கிற கால் நேர்த்தியாக இருக்கும், உதை வாங்குகிறவன் நேர்த்தியாக விழுவான், இருவருமே புகைப்படத்துக்கு நிற்பதுபோல் இருக்கும். அடி விழுந்த சத்தம் கேட்காது.

பர்ன்ஸும் ரைட்டும் நிலைக்கவில்லை. 1978-க்கும் 1980-க்கும் நடுவே இருவரும் வந்து போனார்கள். பர்ன்ஸ் பின்னால் வண்ணத்தில் சாதித்ததெல்லாம் தனிக் கட்டுரைக்கு உரியது.

பிறகு வந்தார் கொல்வின். நியூசிலாந்துக்காரர். நாளிதழுக்குக் கார்ட்டூன் வரைந்து பழகிய கை. 1918-ல் பிறந்தவர் என்பதால் மாடஸ்டி அவரிடம் வந்தபோதே அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. 1980 முதல் 1986 வரை 16 கதைகள். ரோமெரோவின் மொழுமொழு கோட்டுக்குப் பழகிய கண்ணுக்கு முதல் பார்வையில் அது கிறுக்கலாகத்தான் தெரியும். கோடுகள் விட்டு விட்டு ஓடும். முகவாய் கூர்மையாக இருக்கும். மாடஸ்டிக்குச் சில கட்டங்களில் வயது கூடித் தெரியும். அலங்காரம் குறைவு, இதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் அவர் வரைந்த ஒரு சண்டையை எடுத்து, பலூன்களைக் கையால் மறைத்துக்கொண்டு பாருங்கள். முதல் கட்டத்தில் மாடஸ்டியின் பின்னங்கால் தரையில் அழுந்தியிருக்கும். குதிகால் தூக்கியிருக்கிறதா, பதிந்திருக்கிறதா என்று பார்த்தாலே அடுத்து எந்தப் பக்கம் திரும்பப்போகிறாள் என்று தெரிந்துவிடும். அடுத்த கட்டத்தில் தோள் திரும்பியிருக்கும், சட்டை மடிப்புகள் எல்லாம் அந்தத் திருப்பத்தின் திசையிலேயே இழுபட்டிருக்கும். கோடு ஏன் விட்டு விட்டு ஓடுகிறது என்பது அப்போதுதான் புரியும். உடம்பு நகர்கிற இடத்தில் கோடு திறந்துகொள்கிறது, நிற்கிற இடத்தில் மூடிக்கொள்கிறது. மாடஸ்டியின் கூட்டாளி வில்லி கார்வின் கத்தி வீசும்போது கத்தியைவிட மணிக்கட்டையும் இடுப்பையும்தான் கொல்வின் அக்கறையாக வரைவார். எறிந்து முடித்த உடம்பு அப்படித்தான் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும். நாளிதழ் கார்ட்டூனிஸ்டுகளுக்கு இது கைவந்த கலை. ஒரு மனிதரை அவர் நிற்கிற விதத்திலேயே அடையாளம் காட்டியாக வேண்டிய தொழில் அது.

மாடஸ்டியில் அவர் கடைசியாக வரைந்தது ‘த டபுள் ஏஜெண்ட்’. மாடஸ்டியின் அச்சாகத் தயார் செய்யப்பட்ட ஒரு போலியை எதிரிகள் களத்தில் இறக்கும் கதை. அதாவது ஒரே முகத்தோடு இரண்டு பெண்கள். முக அழகில் குறை சொல்லப்பட்ட ஓவியருக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வாய்க்காது. முகத்தை மட்டும் நம்பி வரைகிறவர் கையில் இந்தக் கதை தடுமாறியிருக்கும். உடம்பின் பாவனையை நம்புகிற கொல்வினிடம் அது நிமிர்ந்து நிற்கிறது. ரோமெரோ ரசிகர்கள் கொல்வினை ஒரு தடவையாவது படிக்க நினைத்தால் இந்தக் கதையில் தொடங்கலாம்.

படம் பிடிக்கவில்லை என்ற புகாரில் அச்சுக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பழியைப் பெரும்பாலும் ஓவியர்தான் சுமக்கிறார். நாளிதழ்ப் பட்டை அகலவாட்டில் வரையப்படுவது. அதைக் கட்டம் கட்டமாக வெட்டி, பாக்கெட் சைஸ் பக்கத்துக்குள் மேலும் கீழுமாக அடுக்கி, சாணித்தாளில் அச்சிட்டால் என்ன ஆகும்? ஹோல்டவேயின் பெரிய கறுப்புத் திட்டுகள் அதைத் தாங்கிக்கொள்ளும். ரோமெரோவின் தெளிவான எல்லைக்கோடும் தாங்கும். கொல்வினின் மெல்லிய கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டி மசியாகிவிடும், இல்லையென்றால் உதிர்ந்துபோகும். லண்டனில் டைட்டன் வெளியிட்ட 30 தொகுதிகளைப் பெரிய அளவில் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்கூடு. பாக்கெட் புத்தகத்தில் புதராகத் தெரிந்த பின்னணி அங்கே மரமாகவும் சுவராகவும் நிற்கிறது.

இதே வழக்கு வேறு பெயர்களிலும் நடக்கிறது. வேதாளர் ரசிகர்களில் ஸை பேரியை வணங்குகிறவர்கள் வில்சன் மெக்காயின் தட்டையான சித்திரங்களைப் பள்ளிக்கூடப் பையன் வரைந்தது என்று ஒதுக்குவார்கள். ஆனால் காட்டு வாசகனுக்கும் நாட்டு வாசகனுக்கும் ஒரே நொடியில் புரிகிற எளிமை மெக்காயிடம் இருந்தது. டெக்ஸ் வில்லரில் இன்னும் சூடு அதிகம். 1988-ல் குய்தோ புஸெல்லியோடு தொடங்கிய இத்தாலிய ராட்சத ஸ்பெஷல்களின் நோக்கமே, டெக்ஸை அவ்வளவாக வரைந்து பழகாத பெரிய கைகளிடம் கொடுத்துப் பார்ப்பதுதான். 2001-ல் அமெரிக்காவின் ஜோ க்யூபர்ட் வரைந்தார். அவருக்கு முன்னால் மக்னுஸ் ஒரே ஆல்பத்துக்காக ஏழு வருஷம் உட்கார்ந்து, மர இலைகளைக்கூட ஒவ்வொன்றாக வரைந்தார். 1996-ல் அது புத்தகமாக வெளிவருவதற்குள் இறந்தும் போனார். சிவிடெல்லியின் பளிச்சென்ற டெக்ஸுக்குப் பழகியவர்கள் அந்த இலைகளைப் பார்த்து “ரொம்ப நெருக்கமா இருக்கு” என்று பக்கத்தைத் தள்ளிவிடுவது வருத்தமான விஷயம்.

வருத்தம் வேறு வகையிலும் இருக்கிறது. இப்போது புத்தகத்தைக் கையில் எடுத்ததும் வருகிற முதல் கேள்வி, கலரா கறுப்பு-வெள்ளையா என்பது. மைக்காக வரையப்பட்ட சித்திரத்தின் மேல் கம்ப்யூட்டர் வண்ணத்தை நிரப்பினால், நிழலுக்காக ஓவியர் போட்ட கோடும் இருக்கும், நிழலுக்காகச் சேர்த்த வண்ணமும் இருக்கும். ஒரு நிழலுக்கு இரண்டு கணக்கு. டெக்ஸ் கதைகளின் வண்ணப் பதிப்புகளில் இதைக் காணலாம். வழவழ தாளும் கெட்டி அட்டையும் நல்லவைதான், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் புரட்டிப் பார்த்து பத்து நொடியில் சித்திரம் சரியில்லை என்று தீர்ப்பு எழுதுகிற பழக்கம் அந்தப் பளபளப்போடுதான் கூட வந்தது. பழைய பாக்கெட் இதழ்களை வாங்கியவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை. பிடிக்காத ஓவியரையும் அடுத்த இதழ் வரும் வரை திரும்பத் திரும்பப் படித்தார்கள். அப்படிப் படித்ததில் சில ஓவியர்கள் மெல்ல மெல்லப் பிடித்துப்போனார்கள்.

எல்லா ஓவியமும் எல்லாருக்கும் பிடித்தாக வேண்டும் என்று வாதாட இடமில்லை. யார் யாரை அடிக்கிறார்கள் என்பதே புரியாத கட்டம், பக்கத்துக்குப் பக்கம் மூக்கு மாறுகிற பாத்திரம், பின்னணியே இல்லாமல் அந்தரத்தில் பேசும் தலைகள் என்று வந்தால் வாசகர் தாராளமாகத் திட்டலாம், அதற்குத்தான் காசு கொடுக்கிறார். கொல்வின்மீது அந்தக் குற்றச்சாட்டுகளில் ஒன்றும் ஒட்டாது. கதை எங்கே போகிறது என்பதை அவருடைய ஒரு கட்டமும் மறைத்ததில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். தமிழில் கொல்வினின் மாடஸ்டி கதைகளை மறுபதிப்பாகவோ புதிதாகவோ கொண்டுவரும்போது, பட்டையை வெட்டாமல், வண்ணம் பூசாமல், அகலவாட்டில், நல்ல வெள்ளைத் தாளில் ஒரே ஒரு தொகுப்பாவது வெளியிட வேண்டும். ‘த டபுள் ஏஜெண்ட்’ அதில் கட்டாயம் இருக்க வேண்டும். ரோமெரோ ரசிகர்கள் அதற்கும் முன்பதிவு செய்ய வேண்டும்.