திபிலீசியில் எனக்கு ஒரு வீடு இருக்கிறது

ஜார்ஜியா என்றதும் அமெரிக்க மாநிலத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது காக்கேசிய மலைகளுக்குத் தெற்கே, கருங்கடலின் கிழக்குக் கரையில் இருக்கும் சின்ன நாடு. அதன் தலைநகர் திபிலீசி. அந்த ஊர்ப் பேச்சை யாராவது லேசாக எடுத்தால் போதும், நான் ஆரம்பித்துவிடுவேன். இவ்வளவு பிரியமான இன்னோர் ஊரை நான் பார்த்ததில்லை!

போகிறவர்கள் பெரும்பாலும் 2010இல் கட்டிய கண்ணாடிப் பாலத்தில் நின்று படம் எடுப்பார்கள், ரோப் காரில் நரிக்கலா கோட்டைக்கு ஏறுவார்கள், மறுநாள் மலைப்பக்கம் கிளம்பிவிடுவார்கள். அதெல்லாம் அழகுதான். ஆனால் ஊரின் உயிர் சொலோலாக்கி தெருக்களில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வியாபாரிகள் கட்டிய வீடுகள், மரத்தில் பூவேலை செய்த பால்கனிகள், நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து புழங்கும் முற்றங்கள், அவற்றின் குறுக்கே துணி காயும் கொடிகள், தலைக்கு மேல் திராட்சைக்கொடி. காலை முழுக்க அண்ணாந்து பார்த்தபடியே நடந்தேன்.

ரொட்டி வாசனை வந்தது. தெரு மட்டத்துக்குக் கீழே, நாலு படி இறங்கினால் ஓர் அறை. நடுவில் ‘தோனே’ என்கிற வட்டமான மண் அடுப்பு. நம் ஊர் ஓட்டல் தந்தூர் வகைதான், ஆனால் ஓர் ஆளே உள்ளே போகலாம் போல அகலம். ரொட்டி சுடுகிறவர் மாவை நீளமாக இழுத்து, இடுப்புக்கு மேல் மொத்த உடம்பையும் அடுப்புக்குள் சாய்த்து, உட்சுவரில் ஓங்கி ஒட்டிவிட்டு நிமிர்கிறார். கொஞ்ச நேரத்தில் இரும்புக் கொக்கியால் ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுக்கிறார். இரண்டு முனையும் கூராக, நடு உப்பி வருகிற அந்த ரொட்டிக்குப் பெயர் ஷோதி. முனை மொறுமொறு, நடு பஞ்சு. தொட்டுக்கொள்ள எதுவுமே வேண்டாம்!

வரிசையில் எனக்கு முன்னால் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. பியானோ டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் என்று பிறகு தெரிந்தது. சூடான ரொட்டியின் முனையைப் பிய்த்து என் கையில் திணித்துவிட்டுத்தான் “எந்த ஊர்?” என்றே கேட்டார். இந்தியா என்றேன். அவ்வளவுதான். ‘ஆவாரா’ பாட்டை ராகம் பிசகாமல் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார். 1954இல் சோவியத் நாட்டில் திரையிடப்பட்ட படம் அது. அந்தத் தலைமுறைக்கு ராஜ் கபூர் வீட்டுப் பிள்ளை. அடுத்தது ‘சீதா அவுர் கீதா’. அதில் நடித்த ஹேமமாலினி எங்கள் தமிழ்ப் பெண், தஞ்சாவூர்ப் பக்கம் அம்மன்குடியில் பிறந்தவர் என்று நான் சொன்னதும், அவர் என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டார். அந்த நிமிஷத்திலிருந்து ஊர் எனக்குத் திறந்துவிட்டது.

அவருடைய அரைகுறை ஆங்கிலம், என் கை ஜாடை, அவசரத்துக்குப் போனில் மொழிபெயர்ப்பு. இவை போதும், நாள் முழுக்கப் பேசலாம். பூட்டாத பெரிய மரக்கதவுகளைத் தள்ளி, “உள்ளே வா, மேலே பார்” என்பார். பார்த்தால் பழைய மாடிப்படிக் கூடத்தின் கூரை முழுக்க ஓவியம், பெயின்ட் உரிந்தாலும் நிறம் மங்காமல். டிரை பிரிட்ஜ் அருகே நடைபாதைச் சந்தையில் சோவியத் பதக்கங்கள், பழைய கேமராக்கள், சரவிளக்கிலிருந்து கழன்ற கண்ணாடித் துண்டுகள். மதியம் பன்னிரண்டுக்குச் சரியாக, பொம்மலாட்டக் கலைஞர் ரெசோ கப்ரியாட்ஸே தன் அரங்குக்குப் பக்கத்தில் கட்டிய சாய்ந்த மணிக்கூண்டின் முன் டீச்சரம்மா என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். சின்ன ஜன்னல் திறக்கிறது. பையனும் பெண்ணும் சந்திக்கிறார்கள், கல்யாணம், குழந்தை, முதுமை, சாவு. ஒரு முழு வாழ்க்கை சில நிமிஷத்தில் சுற்றி முடிகிறது. எத்தனையோ தடவை பார்த்திருப்பார், அன்றும் கை தட்டினார்.

கந்தக வெந்நீர்க் குளியல் அறைகள் இருக்கிற அபனோதுபானிக்கும் போனோம். வேட்டைக்கு வந்த அரசர் வக்தாங் கொர்கசாலியின் பருந்து வெந்நீர் ஊற்றில் விழ, அதைப் பார்த்து அவர் இங்கே ஊரை அமைத்தார் என்பது கதை. தரையோடு தரையாகச் செங்கல் குவிமாடங்கள். கீழே பூமியிலிருந்து சுடச்சுட வரும் தண்ணீர். சொரசொரப்பான கையுறையால் தேய்த்துவிட ஒரு பெண்மணி வந்தார். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு வருமே ஒரு தூக்கம், அதே தூக்கம்!

சாயங்காலம் டீச்சரம்மா வீட்டில் சாப்பாடு. சோவியத் காலத்து அடுக்குமாடி. லிஃப்டுக்குள் ஓர் உண்டியல். காசு போட்டால்தான் நகரும். விருந்தாளிகள் திரும்பிப் போகும்போது சில்லறை இல்லாமல் தவிக்கக்கூடாது என்று வாசல் பக்கம் ஒரு கிண்ணத்தில் காசு போட்டு வைத்திருந்தார். எனக்கு அந்தக் கிண்ணத்தையே கும்பிடலாம் போல இருந்தது.

சைவம் என்று தயங்கிச் சொன்னேன். ஆனாலும் மேஜையில் இடம் போதவில்லை. அக்ரூட் விழுது தடவிச் சுருட்டிய கத்திரிக்காய், மண்சட்டியில் பீன்ஸ், அதற்குச் சோள ரொட்டி, பாலாடைக்கட்டி உருகி வழியும் கச்சாபூரி, காளான் வைத்த ஹின்காலி. ஹின்காலியைக் கொழுக்கட்டை மாதிரி மடிப்பு மடிப்பாகச் செய்து உச்சியில் முறுக்கியிருப்பார்கள். முள்கரண்டி கூடவே கூடாது. உச்சியைக் கையால் பிடித்து, ஓரத்தைக் கடித்து, உள்ளே இருக்கும் சாற்றை முதலில் உறிஞ்ச வேண்டும். பிடித்த முடிச்சைத் தட்டில் வைத்துவிட வேண்டும். எத்தனை தின்றோம் என்பதற்கு அதுதான் கணக்கு.

விருந்தை நடத்துகிறவருக்கு ‘தமாதா’ என்று பெயர். அன்று டீச்சரம்மாவின் தம்பி. கழுத்துவரை மண்ணில் புதைத்த சாடிகளில் ஊறிய ஒயின். ஏறக்குறைய 8000 ஆண்டுகளாகத் திராட்சையைப் புளிக்கவைக்கும் மண் இது. தம்பி கோப்பையை உயர்த்தி ஒவ்வொன்றாகச் சொன்னார்: சமாதானத்துக்கு, இறந்தவர்களுக்கு, பிள்ளைகளுக்கு, பிறகு எழுந்து நின்று என் அம்மாவுக்கு! பார்த்தே இராத என் அம்மாவுக்காக அவர் பேசப் பேச எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்புறம் மூன்று பேர் மூன்று குரலில், எந்த வாத்தியமும் இல்லாமல் பாடினார்கள். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய இசைத்தட்டில் ஜார்ஜியாவின் ‘சக்ருலோ’ இருக்கிறது; அதே தட்டில் நம் கேசர்பாய் கேர்க்கரின் பைரவியும் இருக்கிறது. இதைச் சொன்னதும் டீச்சரம்மா பியானோவைத் திறந்து, “பாடு, வாசித்துக் கண்டுபிடிக்கிறேன்” என்றார். எனக்குத் தெரிந்த சிந்துபைரவியைப் பாடினேன். அவர் விரல்கள் ஒவ்வொரு சுரமாகத் தேடிப் பிடித்தன.

அக்டோபரில் தம்பியின் ஊர் இருக்கும் கக்கேத்திப் பகுதியில் திராட்சை அறுவடை. கட்டாயம் வர வேண்டும் என்று உத்தரவு. டிக்கெட் போட்டாகிவிட்டது. கும்பகோணத்துக் காபிப் பொடியும் பித்தளை ஃபில்டரும் வாங்கிவிட்டேன். டீச்சரம்மா ஹேமமாலினி படம் ஒன்றும் கேட்டிருக்கிறார், பெரியதாக, சட்டம் போட்டு.