வில்லின் முதுகில் ஒட்டிய பட்டை

கையால் செய்த மரவில்களின் படங்களைப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த அலங்காரம் தெரிந்திருக்கும். வில்லின் முதுகில், அதாவது எய்பவருக்கு மறுபுறம் இருக்கும் பக்கத்தில், பூர்ஜ மரத்தின் பட்டையையோ செர்ரி மரப்பட்டையையோ நீளவாக்கில் ஒட்டி மெருகு ஏற்றியிருப்பார்கள். அழகுதான், சந்தேகமே இல்லை. அதற்கு வைத்திருக்கும் பெயரோடுதான் எனக்குச் சண்டை. ‘பேக்கிங்’ என்கிறார்கள்.

வில் செய்பவர்களிடம் அந்தச் சொல்லுக்கு ஒரு வேலை உண்டு. நாணை இழுக்கும்போது வில்லின் முதுகு இழுபடுகிறது, நம்மைப் பார்க்கும் வயிற்றுப் பக்கம் அமுங்குகிறது. செதுக்கும்போது முதுகில் மரத்தின் ஆண்டு வளையம் எங்காவது அறுபட்டிருந்தால், சிலாம்பு அங்கேதான் கிளம்பும். கவனிக்காமல் இழுத்துக்கொண்டே இருந்தால் வில் ரெண்டு துண்டு. அதைத் தடுக்கத்தான் தசைநார், பதனிடாத தோல், பட்டுத்துணி, மூங்கில் பத்தை என்று எதையாவது முதுகில் ஒட்டுகிறார்கள். இவை இழுவையைத் தாங்கும். காகிதம் மாதிரி உரிகிற பூர்ஜப் பட்டை தாங்காது. ஆப்புக்குத் தீம் மாத்திட்டு ‘வேகம் கூடிடுச்சு’ன்னு ரிலீஸ் நோட்டில் எழுதுகிற கதை இது.

“ஆசியாவுல காலங்காலமா ஒட்டினாங்களே?” என்று கேட்பீர்கள். ஒட்டினார்கள். எதன்மேல் என்று பாருங்கள். கொரியாவின் காக்குங் வில்லில் வயிற்றுக்கு எருமைக்கொம்பு, நடுவில் மூங்கில், முதுகில் தசைநார். எல்லாவற்றையும் பிடித்து வைத்திருப்பது மீனின் காற்றுப்பையைக் காய்ச்சி எடுத்த பசை. ஈரம் பட்டால் அந்தப் பசை இளகிவிடும். பூர்ஜப் பட்டையிலோ மெழுகு போன்ற பொருள்கள் இருப்பதால் தண்ணீர் எளிதில் இறங்காது. ஆக, அங்கே பட்டை என்பது வில்லுக்குப் போட்ட மழைக்கோட்டு. வட ஐரோப்பாவின் சாமி மக்களும் இரண்டு மரங்களை மீன்பசையால் ஒட்டிய வில்லுக்குப் பூர்ஜப் பட்டை சுற்றினார்கள். மஞ்சு வில்களில் அந்தப் பட்டைக்கு வண்ணமும் வடிவமும் வந்தன. மழைக்கோட்டுக்குப் பூப்போட்ட மாதிரி. இன்றைக்கு ஒற்றை மரத்தில் செதுக்கி, மேலே பாலியூரித்தேன் வார்னிஷ் அடித்த வில்லுக்கு அந்தக் கோட்டு எதற்கு?

நம் ஊருக்கு வந்தால் கதையே வேறு. கொம்பு வில் நம் ஈரக்காற்றைத் தாங்காது என்பதை, இந்தியாவில் முழுக்க எஃகாலேயே வில் செய்ததற்கு ஒரு காரணமாகச் சொல்வார்கள். அர்த்தசாஸ்திரம் (தஞ்சாவூர்ப் பக்கத்துப் பண்டிதர் ஒருவர் கொடுத்த ஓலையிலிருந்து ஷாமசாஸ்திரி 1909இல் பதிப்பித்தது) வில் செய்ய நாலு பொருள் சொல்கிறது: பனை, மூங்கில், மரம், கொம்பு. இதில் பனைக்கும் மூங்கிலுக்கும் ஆண்டு வளையமே கிடையாது, உரிக்கிற பட்டையும் கிடையாது. மூங்கிலில் வலுவான நார் பச்சைத் தோலுக்கு அடியிலேயே நெருக்கமாக இருக்கிறது. ஜப்பானிய யூமி வில்லில் முதுகுப் பத்தையின் தோல் வெளியே பார்க்கும்படி வைப்பது அதனால்தான். அந்தத் தோலைச் சீவித் தள்ளிவிட்டு இமயமலைப் பட்டையை ஒட்டுவதை எப்படி நியாயப்படுத்துவது?

இன்னொரு கணக்கும் இருக்கிறது. பூர்ஜப் பட்டை அடிமரத்தைச் சுற்றித்தான் உரியும். வில்லின் ஒரு கைக்கு 80 செ.மீ. வேண்டுமென்றால் 25 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலான விட்டமுள்ள மரம் வேண்டும். மயிலாப்பூர் நாட்டு மருந்துக்கடையில் யந்திரம் எழுதக் கிடைக்கும் பூர்ஜபத்திரத் துண்டுகள் இதற்குப் போதாது. வெளி அடுக்கை மட்டும் உரித்தால் மரம் பிழைக்கும். கத்தி உயிருள்ள உள்பட்டை வரை சுற்றிலும் இறங்கினால் பிழைக்காது. கோமுகம் போகிற வழியில் உள்ள போஜ்பாசாவுக்குப் பெயர் கொடுத்ததே பூர்ஜ மரம்தான். இப்போது அங்கே அந்த மரத்தைத் தேட வேண்டியிருக்கிறது. விறகுக்கு வெட்டியது அதில் பெரும்பங்கு, வில்காரர்கள் மேல் பழிபோட நான் வரவில்லை. ஆனாலும் ஆர்டர் போடும்முன் பட்டை எப்படி உரிக்கப்பட்டது என்று விற்பவரிடம் கேட்கலாமே.

எனக்குப் பெரிய உறுத்தல் வேறு. நாண் ஏற்றும்முன் வில்லின் முதுகில் விரலை ஓட்டி, வெளிச்சத்தில் சாய்த்து, சிலாம்பு ஏதாவது எழும்பியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பட்டை ஒட்டிய வில்லில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை. விரிசல் அடியில் ஓடிக்கொண்டிருக்கும், மேலே பளபளப்பு. அழகுக்குத்தான் என்றால் கைப்பிடியில் சுற்றுங்கள். பெரும்பாலும் வளையாத இடம் அது.