தகடூர்ப் போரும் மண்ணாசையும்

தருமபுரி மாவட்டத்தின் அதியமான்கோட்டை, தகடூரை ஆண்ட அதியமான் மரபை நினைவூட்டும் ஊர். அம்மரபின் நெடுமான் அஞ்சி, ஔவையாருக்கு நெல்லிக்கனி ஈந்த வள்ளலாகவே பெரும்பாலோருக்கு அறிமுகம். தகடூரை அழித்த பெருஞ்சேரல் இரும்பொறை ஆதிக்க வெறியனாகக் காட்டப்படுகிறான். சங்கப் பாடல்களில் இப்பிரிவினை இவ்வளவு எளிதாக இல்லை.

அஞ்சியும் பிறர் மண்ணை விரும்பியவனே. எழுவரோடு பொருததையும் கோவலூரை அழித்ததையும் ஔவையார் புறநானூறு 99இல் அவனுடைய பெருமையாகவே பாடுகிறார். தொண்டைமானிடம் அவர் தூது சென்ற 95ஆம் பாடல் போர் தவிர்த்த சாதுரியமாகப் போற்றப்படுகிறது. தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து மெருகோடு இருக்க, அஞ்சியின் வேல்கள் நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. ஓயாமல் போரிடும் ஒரு நாட்டின் சித்திரமும் இதுதான். புகழ்ச்சியின் வேகத்தில் வாசகர் இதைக் கவனிப்பதில்லை. ஷேக்ஸ்பியரின் மாக்பெத் தன் பதவி ஆசையின் கொடுமையைத் தானே பேசுகிறான். சங்கப் புலவர் அரசனைப் பேசவிடுவதில்லை. உடைந்த வேலைக் காட்டுகிறார்.

இரும்பொறை அதியமானோடு இருபெரு வேந்தரையும் வென்று தகடூரை எறிந்ததாகப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் கூறுகிறது. அவனைப் பாடிய அரிசில் கிழாருக்கு அரியணையையே பரிசாக அளித்தான். அவரோ அதை அவனிடமே திருப்பித் தந்து அமைச்சுப் பணியை ஏற்றார். இப்போரைப் பாடிய ‘தகடூர் யாத்திரை’ முழுமையாகக் கிடைக்கவில்லை. சில பாடல்கள் மட்டும் புறத்திரட்டில் எஞ்சியுள்ளன.