தேவ பராமரிப்பும் திருவருளாணையும்

உலகின்கண் நிகழ்வன அனைத்தும் ஒரு தலைவனது ஆணைவழி நிகழ்வன என்பது, கடவுளுண்டெனக் கொள்ளும் சமயங்கள் பலவற்றிற்கும் ஒத்த கொள்கையாம். உலகைப் படைத்துப் பின் அதனைத் தன்போக்கில் விட்டு வாளாவிருக்கும் ஒரு கடவுளை வழிபடுதலாற் போந்த பயன் யாதுமில்லை. ஆகலின், கிறித்து சமயத்தார் ‘தேவ பராமரிப்பு’ எனக் கூறுங் கோட்பாட்டினைச் சைவ நன்மக்கள் ஆராயாது இகழ்ந்து தள்ளுதல் முறையன்று. அதன்கட் கொள்ளத்தக்கது இது, தள்ளத்தக்கது இது எனப் பகுத்துணர்தலே நடுவுநிலையாளர் நெறியாம்.

இக்கோட்பாட்டினை விரித்துரைத்தாருள் தலைசிறந்தார் ஒருவர் ஜான் கால்வின் (1509–1564) என்பவர். பிரஞ்சு நாட்டிற் பிறந்து ஜெனீவா நகரத்திற் சமயப்பணி புரிந்தவர். கிறித்து சமய போதனையாக அவர் இலத்தீன் மொழியில் இயற்றிய நூல், 1536-ஆம் ஆண்டிற் சிறு நூலாக வெளிப்போந்து, பன்முறை விரிக்கப்பெற்று, 1559-இல் நான்கு பகுதிகளையுடைய பெருநூலாக முற்றுப்பெற்றது. அதன் முதற்பகுதியின் இறுதி மூன்று இயல்களும் தேவ பராமரிப்பினைக் கூறுவன. தற்செயல் என்பதொன்று இல்லை. மழை பெய்தலும் பொய்த்தலும், அரசர் எழுதலும் வீழ்தலும், ஒரு சிறு குருவி தரையில் விழுதலுங்கூட இறைவன் திருவுளப்படியே நிகழ்வன. அவன் உயர்ந்ததோர் இடத்திருந்து வறிதே நோக்குவான் அல்லன், ஒவ்வொன்றினையும் நேரே நடத்துவான் என்பன அவ்வியல்களின் சாரமாம்.

இக்கொள்கையின் பெருமை மறுக்கற்பாலதன்று. விவிலியத்தின் ஆதியாகமத்துட் கூறப்படும் யோசேப்பு, தன் உடன்பிறந்தாரால் விற்கப்பட்டு எகிப்து நாட்டில் அடிமையாய்ச் சிறைப்பட்டுப் பின்னர் அந்நாட்டின் அதிகாரியாய், பஞ்ச காலத்தில் அவ்வுடன்பிறந்தாரையே காத்தான். அவர் நினைந்த தீமையை இறைவன் நன்மையாகத் திருப்பினான் என்று அவன் அவரைத் தேற்றினான். துன்பத்தினூடே அருளைக் காணும் இவ்வுணர்ச்சி சைவர்க்கு அயலானதன்று. இறைவன் செய்யும் மறக்கருணையும் கருணையே என்பது சித்தாந்தத் துணிபன்றோ?

அற்றேல், இருதிறத்தார்க்கும் வேற்றுமை யாண்டையது எனின், கூறுதும் என்னும் முகத்தான் ஒரு வினா முன்னிற்கின்றது. பிறவியிலேயே ஒருவன் குருடனாயும் ஒருவன் கண்ணுடையனாயும் இருத்தற்குக் காரணம் யாது என்பதே அது. யோவான் எழுதிய சுவிசேடத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில், பிறவிக்குருடன் ஒருவனைக் கண்ட சீடர், இவன் இவ்வாறு பிறத்தற்குப் பாவஞ் செய்தவன் இவனோ, இவனைப் பெற்றோரோ என இயேசுவை வினவினர். இருவரும் அல்லர், தேவனுடைய செயல் இவனிடத்து வெளிப்படுதற் பொருட்டே என்னுங் கருத்துப்பட அவர் விடையிறுத்து, அவனுக்குக் கண்ணொளி தந்தார். அவ்விடை அவ்வொருவனைக் குறித்ததெனக் கொள்ளின் அமைவுண்டு. அதனையே எல்லார்க்கும் விதியாகக் கொள்ளின், காட்சி பெறாமலே கழிந்த ஏனைக் குருடரிடத்து வெளிப்பட்ட செயல் யாதென்னும் வினா எழும்.

உயிர்கள் முன்பின்றி இறைவனாற் புதுவதாகப் படைக்கப்பட்டன என்பதே கிறித்து சமயத்துப் பெருவழக்கு. உயிருக்கு முன்னிலை இல்லையாயின், அதன் பிறப்பின்கட் காணப்படும் ஏற்றத்தாழ்வுக்கு உயிர் காரணமாகாது. பெற்றோரும் சூழலும் காரணமெனினும், இவ்வுயிர் இப்பெற்றோர்பால் வருதற்கு ஏது வேண்டும். ஆதாமின் பாவமே காரணமெனின், அது மாந்தர் எல்லார்க்கும் பொதுவாகலின் ஒருவர்க்கொருவர் உளதாய வேற்றுமையை விளக்காது. எஞ்சியது இறைவன் சித்தம் ஒன்றேயாம். கால்வின் இதற்கு அஞ்சிப் பின்வாங்கினாரல்லர். சிலர் வீடுபெறவும் சிலர் கெடவும் இறைவன் அநாதியே முன்குறித்தான் எனத் தம் நூலின் மூன்றாம் பகுதியில் நாட்டினார். அவ்வாணை அச்சந்தருவது என்பதனையும் அவரே உடன்பட்டுரைத்தார். அவரது நேர்மை பாராட்டத்தக்கது. எனினும் இறைவன் அருளுடைமைக்கு இழுக்கு நேர்ந்தமை காண்க.

இவ்விடர்ப்பாட்டினைக் கிறித்தவ ஆசிரியர் தாமே உணர்ந்தனர் என்பதற்கு அவர்தம் வரலாறே சான்று. ஆலந்து நாட்டு ஆர்மீனியசு, உயிரின் விசுவாசத்தை முன்னறிந்தே இறைவன் தெரிந்துகொள்கின்றான் என்றார். அவர் 1609-இல் மறைந்தபின், அவர் வழியினர் கொள்கையை 1618–1619-இல் தோர்த்து நகரத்துக் கூடிய சங்கம் விலக்கியது. கத்தோலிக்கருள்ளும், மோலினா என்னும் இயேசு சபையார் 1588-இல் வெளியிட்ட நூல்பற்றி, அருளுக்கும் உயிரின் சுதந்தரத்துக்கும் உள்ள இயைபு குறித்து அச்சபையாரும் தொமினிக்கு சபையாரும் நெடிது வாதிட்டனர். போப்பரசர் ஐந்தாம் பவுல் 1607-இல் அவ்வாதத்தை முடித்தாரேனும், எப்பக்கமும் வென்றதெனத் தீர்ப்புரைத்திலர்.

இவரெல்லார்க்கும் முன்னரே, மூன்றாம் நூற்றாண்டினராகிய ஒரிகன் என்னும் பேரறிஞர், உயிர்கள் இவ்வுலகிற் பிறத்தற்கு முன்னரே உளவென்றும், அவற்றின் முன்னைக் குற்றமே இப்பிறப்பின் வேற்றுமைக்கு ஏதுவென்றுங் கருதினார். இறைவன் பட்சபாதமுடையான் என்னும் பழியைத் துடைத்தலே அவர் நோக்கம். அக்கொள்கை 543-இல் சஸ்டினியன் பேரரசனது ஆணையாற் கண்டிக்கப்பட்டது. அடைக்கப்பட்ட அவ்வாயில் திறந்திருக்குமாயின், பின்னை நிகழ்ந்த வழக்குகள் பல வேறு வடிவெய்தியிருக்கும்.

இனிச் சைவசித்தாந்தங் கூறுமாறு: பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளும் அநாதி. உயிரை இறைவன் இல்லாததினின்றும் ஆக்கினானல்லன். ஆணவத்திற் கட்டுண்டு அறிவு மறைந்து கிடந்த உயிரைக் கண்டு இரங்கி, மாயையினின்றும் உடலும் கருவியும் உலகும் நுகர்பொருளுந் தந்து, இருவினைப் பயனை ஊட்டிப் பக்குவப்படுத்துகின்றான். சிவஞானபோதத்து இரண்டாஞ் சூத்திரம் உயிர்களின் போக்குவரவினை இறைவனது ஆணையோடும் இருவினையோடும் இயைத்துக் கூறியதும் இதுபற்றியே. ஒரு மருத்துவன் ஓரில்லத்துப் பிள்ளைகள் இருவருள் ஒருவனுக்குப் பாலும் மற்றவனுக்குக் கைப்பு மருந்துங் கொடுப்பின், நோயறியாதான் அவனைப் பட்சபாதி என்பான். நோயறிந்தான் இருவர்மாட்டும் அன்பொன்றே கண்டு மகிழ்வான்.

வினைப்படியே இறைவன் செய்வானாயின், அவன் வினைக்கு அடிமையாவான், அவன் முதன்மை கெடும் எனின், அது பொருந்தாது. வினை சடம்; தன்னைச் செய்தானையும், தன் பயனையும், அது விளையுங் காலத்தையும் தானறியாது. அறிந்து கூட்டுவான் ஒருவன் வேண்டும். முறைவழுவாது நடக்கும் அரசன் முறைக்கு அடிமையென்று உலகம் கூறுவதில்லை. முறை தவறியவனையே கொடுங்கோலன் என்னும். மேலும், இருவினையொப்பும் மலபரிபாகமும் எய்திய உயிர்க்குச் சத்தி பதிந்தவழி, சஞ்சிதத்தை அருளால் நீக்குபவனும் அவனே. ஆகலின் வினை அவனுக்குக் கருவியேயன்றித் தலைவன் அன்று.

அநாதி எனல் வினாவைப் பின்னே தள்ளுதலேயன்றி விடையாகாது எனின், அதுவும் ஆராயற்பாலதே. வந்ததொன்றிற்கே ‘ஏன் வந்தது’ என்னும் வினா உண்டு; செம்பிற் களிம்பு போல உடன் உள்ளதற்கு அவ்வினா இல்லை. உயிர்க்குக் கட்டுளதாதல் காட்சியான் அறியப்படுவது. அக்கட்டினை அருளே உருவாயினான் தந்தான் என்றல் சிறந்ததோ, கட்டுண்டதனை அவிழ்க்க முற்பட்டான் என்றல் சிறந்ததோ என்பதே கேள்வி. அவிழ்த்தற்குரிய காலமும் ஒரு பிறவியோடு முடிந்துவிடுவதன்று. எவ்வுயிரையும் என்றும் கைவிடாது பல பிறவி தந்து பக்குவம் நோக்கியிருத்தலே முழுமையான பராமரிப்பாம்.

இத்துணையும் கூறியது சைவர் செருக்குறுதற் பொருட்டன்று. சீடர் கேட்ட கேள்விக்கு இயேசு விடையிறுத்த முறையின்கட் சைவரும் கைக்கொள்ளற்பாலதோர் அறம் உண்டு. துன்புற்றானை முன்னிறுத்தி அவன் குற்றத்தை ஆராய்தலை விடுத்து, அவன் துன்பந் துடைத்தலையே அவர் மேற்கொண்டார். நோயாற் கிடப்பானையும், மகவிழந்து அழுவாளையும் நோக்கி, ‘இது முன்வினை’ என்று கூறி அகல்வார் சைவருள்ளும் உளர். அது சித்தாந்தம் அன்று. இன்ன வினைக்கு இன்ன பயன் என அறிதல் முற்றுணர்வுடைய இறைவனுக்கே உரியது. அதனைத் தாமறிந்தார்போற் பிறர்மேற் சாற்றுதல் சிற்றறிவினார் செருக்காம். ஒருவன் நுகர்வது பிராரத்தமாயின், அதனைக் கண்டும் உதவாதொழிதல் கண்டானுக்கு ஆகாமியமாம். உதவுகின்ற கையும் இறைவன் ஊட்டும் வாயில்களுள் ஒன்றென்றுணர்க.

வினைக்கொள்கை இறைவன்மேற் பழி சாராது காத்தற்கும், ஒவ்வொருவரும் தத்தம் துன்பத்தைப் பொறுத்துத் தம்மைத் திருத்திக்கோடற்கும் உரியது. அயலாரைப் பழித்தற்கு உரியதன்று. தேவ பராமரிப்பினைப் பேசுங் கிறித்தவரும், திருவருளாணையைப் பேசுஞ் சைவரும், துன்புற்றான் ஒருவன்முன் நின்றவழி, தத்தம் கடவுளின் கருணையை அவன் உணருமாறு ஒழுகுதல் வேண்டும். அவ்வொழுக்கம் இல்வழி, எத்துணை நுண்ணிய வாதமும் பயனின்றாம்.

திருச்சிற்றம்பலம்.