மின்னேட்டில் தமிழ் நூல்கள்: மதுரைத் திட்டம் பற்றி ஒரு மதிப்பீடு

பொருள் வளமில்லாதார் தம் முன்னோர் தேடிவைத்த நூற்செல்வத்தைக் காத்துக்கொள்ள இயலுமா? இயலும் என்பதற்கு மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம் தக்க சான்றாகும். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று தொடங்கிய பணி இது. தொண்டர் சிலர் தத்தம் இல்லத்திலிருந்தே நூல்களைத் தட்டச்சிட்டனர். வேறு சிலர் பிழை திருத்தினர். திருக்குறளை முதல் நூலாகக் கொண்ட இத்தொகுப்பை எவரும் விலையின்றிப் பெறலாம்.

காலத்துக்கேற்ப மாறியமையே இதன் முதற் சிறப்பு. பனையோலை நாளடைவில் செல்லரிக்கும். ஆதலால் முன்னோர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதினர். அவ்வாறு எழுதப்படாத நூல் மறைந்தது. கணினிக்கும் இவ்விதி பொருந்தும். எழுத்துக் குறியீட்டு முறை மாறிவிட்டால் பழைய கோப்பு படிப்பாரின்றிக் கிடக்கும். இத்திட்டத்தார் தொடக்கத்தில், மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய இணைமதி போன்ற எழுத்துருக்களைப் பயன்படுத்தினர்; பின்னர் திஸ்கி முறைக்கும், அதன்பின் யூனிகோடு முறைக்கும் நூல்களைப் பெயர்த்தனர். இது போற்றத்தக்க உழைப்பு.

நிற்க, குறையொன்றும் உண்டு. தட்டச்சிட்ட பாடத்துடன் அச்சுப் பக்கத்தின் படம் பெரும்பாலும் இல்லை. பழந்தமிழ்ச் செய்யுளில் ஓர் எழுத்து மாறினும் பொருள் மாறும். ஐயுற்ற மாணவன், பிழை தட்டச்சிட்டவருடையதா, பதிப்பாசிரியருடையதா என்று எங்ஙனம் அறிவான்?

ஈழத்து எழுத்துக்களைத் திரட்ட 2005இல் எழுந்த நூலகம் திட்டம் இக்குறையை நீக்கும் வழியைக் காட்டுகிறது. பக்கங்களைப் படமாகவே அது தருவதால் பதிப்பின் உண்மை உருவம் கண்முன் நிற்கிறது. ஆயினும் வெறும் படத்தில் ஒரு சொல்லைத் தேடிக் காண்பது அரிது. ஆகவே படமும் பாடமும் இணைந்தாலன்றிக் காப்பு முழுமை பெறாது. ஒரே இடத்தில் வைத்துக் காப்பதும் போதாது. 1981இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின என்பதை மறத்தலாகாது.

இவ்விரு பணிகளும் மலேசியத் தமிழர்க்கு நல்ல பாடமாகும். தோட்டச் சங்கங்களின் ஆண்டு மலர்களும் பள்ளி இதழ்களும் பழுத்து உதிர்வதற்கு முன்னரே அவற்றைப் படமெடுத்தல் வேண்டும். தலைப்பு, ஊர், ஆண்டு ஆகியவற்றைக் குறித்தல் வேண்டும். படிகளைப் பல இடங்களில் வைத்தல் வேண்டும். தட்டச்சு பின்னர் நிகழலாம்; உதிர்ந்த தாளோ மீண்டும் வாராது.