முரண் என்னுஞ் சொல்

இருநூல்கள் ஒருபொருளை வெவ்வேறு வகையாற் கூறுமிடந்தோறும் ‘ஈண்டு முரண் உளது’ என்று எழுதிவிடுதல் இக்காலத்துக் கட்டுரையாளர் சிலர்க்கு வழக்கமாயிற்று. வேதத்திற்கும் ஆகமத்திற்கும் முரண் என்பர். உயிர் இறைவனின் வேறு என்றலும் அத்துவிதம் என்றலும் முரண் என்பர். அச்சொல்லின் பொருளை ஆராயாமையே இதற்குக் காரணமாம்.

முரண் என்பதற்கு மாறுபாடு, பகை, வலி என்பன பொருள். ஒன்றையொன்று எதிர்த்து நிற்றலே அதன் உட்கிடை. ஒளியும் இருளும் முரணாவன. ஒளி வந்துழி இருள் நில்லாதாகலின். ஒளியும் மலையுமோ வேறாவனவேயன்றி முரணாவன அல்ல.

தொல்காப்பியனார், மொழியானும் பொருளானும் மாறுபடத் தொடுப்பதனை முரண் எனக் கொண்டு, மோனை எதுகை இயைபுகளோடு அதனையும் தொடையாக எண்ணினார். பொருத்தமின்மை மாத்திரையே முரணாயின் அது செய்யுளைத் தொடுக்குமாறு யாங்ஙனம்? எதிர்நிற்றலும் ஒருவகைத் தொடர்பாதலின் அன்றோ அது தொடையாயிற்று! ஆகவே முரண் வேறு, வேற்றுமை வேறு, இயைபின்மை வேறு என்பது பெறப்படும்.

இப்பாகுபாடு சித்தாந்தத்திற்கு இன்றியமையாதது. 14-ஆம் நூற்றாண்டினராகிய உமாபதி சிவனார், சிவப்பிரகாசப் பாயிரத்தில், பொன்னும் பணியும் போலும் அபேதத்தையும், இருளும் ஒளியும் போலும் பேதத்தையும், சொல்லும் பொருளும் போலும் பேதாபேதத்தையும் விலக்கி, உடலும் உயிரும், கண்ணும் ஞாயிறும் போலும் அத்துவிதத்தையே கொண்டார். விலக்கப்பட்ட இருளும் ஒளியும் முரணாவன. கொள்ளப்பட்ட கண்ணும் ஞாயிறும் வேறாயும் முரணாதன. கண்ணொளி ஞாயிற்றொளியிற் கலந்துநின்றே காணும்; கலந்தமையாற் கண் ஞாயிறாதலும் இல்லை, கெடுதலும் இல்லை.

வேற்றுமையனைத்தும் முரணே என்பார்க்கு இவ்வுவமை விளங்காது. உயிர் வேறாயின் இறைவனோடு கூடாது. கூடிற் கெட்டொழியும் என்றே அவர் முடித்தல் வேண்டும். அவ்வழி வீடுபேறு எய்துவார் யார்? அதனை எய்திப் பெறும் பயன்தான் யாது?

வேதாகமங்களுக்கும் இஃதொக்கும். திருமூலர் இரண்டனையும் இறைநூலென்றே கொண்டு, வேதம் பொது, ஆகமம் சிறப்பு என வகுத்தார். பொதுவுஞ் சிறப்பும் தம்முள் இயைபுடையனவேயன்றி எதிர்நிற்பன அல்ல.

உண்மையான முரணை மறைத்தலும் தக்கதன்று. உடலின் வேறாய் உயிரில்லை என்னும் உலகாயதர் கூற்றும் சித்தாந்தமும் முரணுவனவே. அதுபற்றியே அருணந்தி சிவாசாரியார் பரபக்கத்தில் அதனை மறுத்தார். ஆதலின், வேற்றுமை கண்டவிடத்து, இவ்விரண்டும் ஒருங்கு நிற்றல் கூடுமோ என்று முன்னர் வினவுக. கூடாதாயின் அது முரண், கூடுமாயின் வேற்றுமையே. இதனை ஆராய்ந்த பின்னரே அச்சொல்லை ஆளுதல் நூலாராய்வார்க்குக் கடனாம் என்க.