செயலின் நன்மையும் எண்ணத்தின் நன்மையும்

இத்தாலிய நாட்டுக் கிறித்தவத் துறவியாகிய தாமஸ் அக்குவைனஸ் என்பார் 1274-இல் மறைந்தார். 1273-ஆம் ஆண்டின் இறுதியில் அவர் எழுதாது நிறுத்திய 'சும்மா தியலாஜிக்கா' என்னும் பெருநூல் முற்றுப்பெறாததே. எனினும், அதன் இரண்டாம் பகுதி மக்கட்செயலை அளந்தறியும் முறையை விரிவுற ஆராய்கின்றது. நன்மையை நாடித் தீமையை விலக்குதல் மக்களறிவில் இயல்பாயமைந்த முதல் விதி என்பதும், இயற்கைச் சட்டத்தின் பிற விதிகளெல்லாம் அதனடியாகவே தோன்றுவன என்பதும் அந்நூற் கொள்கை.

ஒரு செயல் நன்றாதற்குச் செய்பொருள், சூழ்நிலை, நோக்கம் என்னும் மூன்றும் ஒருங்கே செம்மையுறல் வேண்டும். ஒன்று பழுதுபடினும் செயல் பழுதாம். புகழ் விரும்பி ஈதல் நோக்கத்தாற் பழுது. ஈதற்பொருட்டுத் திருடுதல் செய்பொருளாற் பழுது. நல்லெண்ணம் ஒன்றே தீச்செயலைத் தூய்மையாக்கும் என்பார்க்கு இதனினும் வலிய மறுப்புக் காண்டல் அரிது.

இனி, இவ்விதிகளை அவர் கண்மூடிச் செலுத்தினாரல்லர். அடைக்கலப் பொருளை உரியவனுக்கு மீட்டுக் கொடுத்தல் முறையே. அவன் அதுகொண்டு தன் நாட்டின்மேற் போர்தொடுக்கக் கருதின் கொடுத்தல் தகாது என்பர். உயிர்போம் வறுமையுற்றான் பிறர்பொருளை எடுத்தல் களவன்று என்றும் கூறுவர். அந்நிலையில் வேண்டுவன எல்லார்க்கும் பொதுவாம் என்பது அவர் காட்டும் ஏது.

ஈண்டு ஓர் ஐயம் நிகழும். சூழ்நிலை களவைக் களவன்றாக்குமாயின், கொலைஞனிடமிருந்து ஒருவனைக் காக்கச் சொல்லும் பொய்யை மட்டும் குற்றமென்பது என்னை? உடைமைப் பகுப்பு மக்கள் வகுத்தது. சொல்லோ உள்ளக்கருத்தின் இயல்பான அடையாளம். ஆதலின் உண்மையை மறைத்தல் அமையும், பொய்த்தல் அமையாது என்பது அவர் கருத்து. இவ்வேறுபாடு நுண்ணியதே. ஆயினும், வாய்திறவாமையே ஒளிந்திருப்பானைக் காட்டிக்கொடுக்குமிடத்து அம்மறைப்பு யாது பயன் தரும்? அத்தகைய பொய் சிறு குற்றமே என அவர் தணித்துக் கூறியதும் மறக்கற்பாலதன்று. ஆனால், ஓருயிரைக் காக்கும் கடமையாய் நிற்பது சிறிதாயினும் குற்றமாதல் எங்ஙனம்? வாய்மையதிகாரத்து இரண்டாங் குறளைப் பயின்றார்க்கு இவ்விடை நிறைவு தாராது. சொல்லின் இயல்பை நிறுத்தவர், சொல் யாவர் நலத்தின்பொருட்டு அமைந்தது என்பதனையும் உடன்வைத்து நிறுத்திருத்தல் வேண்டும்.

இக்குறை பற்றி அந்நூல் இகழத்தக்கதன்று. தன் செயலைத் தானே நிறுப்பான் எண்ணத்தை மட்டும் தராசிலிடலாகாது என்று அது கற்பிப்பது எச்சமயத்தார்க்கும் கொள்ளத்தக்கதேயாம்.